பெயின்ட் வாளியில் பாசி

இடுப்பு வலி மதியமே அவளை வேலையிலிருந்து வீட்டுக்கு விரட்டிவிட்டது. மண் சுமந்து வந்த வலி இல்லை. யாரோ ஈரக் கையை முதுகுத்தண்டில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போன்ற வலி.

மொட்டைமாடியில் வெயில் கொளுத்தியது. பெயின்டர் கணவன் கொண்டுவந்த காலி வாளிகள் ஆறிலும் தக்காளிச் செடி கருகித் தொங்க, மண்மேல் மட்டும் பாசி விரல் கனத்துக்குப் படர்ந்து, ஈரமாய்ப் பச்சைப்பசேலென்று கிடந்தது. ஐந்து நாளாக அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

"பாசிக்கா பயம்? எங்கம்மாவுக்கே பயப்படாதவ நீ. தண்ணியக் கொற, தானா காஞ்சிடும்" என்றுதான் கணவன் சொல்லியிருந்தான்.

காயவில்லை. சுரண்டிய இடமெல்லாம் மறுநாளே மூடிக்கொண்டது. குனிந்தால் வெயிலே படாத மண்ணின் குளிர்ந்த வாடை. அது அவளுக்குத் தெரிந்த வாடை. குழாய் பதிக்கத் தோண்டிய குழியின் வாடை.

ஆள் உயரக் குழி. ஒருத்தி கீழே வெட்ட, ஒருத்தி மேலே கூடை வாங்குவாள். முறை மாறும்போது மேலே இருப்பவள் கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். ஒரு நாள் தன் முறை வந்தபோது இடுப்பு வலி என்று அவள் பொய் சொன்னாள். பக்கச்சுவர் விரிசல் விட்டிருந்ததைப் பார்த்திருந்தாள். அதைச் சொல்லவில்லை.

கூட வேலை செய்தவள் சிரித்தாள். "உன் இடுப்பு என்ன, கண்ணாடியா? உக்காருக்கா. உன் முறைக்கு நான் இறங்குறேன். அடுத்தது நீ இறங்கணும், ஏமாத்தக்கூடாது."

சுவர் சரிந்தது. இறங்கியவளை வெளியே எடுத்தபோது வாய் நிறைய மண்.

குழியை மூடியதுபோக மிஞ்சிய மண் கருகருவென்று இருந்தது. மண் வேலை செய்கிறவளுக்கு நல்ல மண்ணை விட்டுவர மனசு வராது. ஆறு மூட்டை கட்டிவந்தாள்.

இன்று எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று முதல் வாளியைச் சாய்த்தாள். அசையவில்லை. பாசியைக் கிழித்து, மண்ணை அள்ளக் கையை விட்டாள். முழங்கால் உயர வாளி. முழங்கை வரை போனது. தோள் வரை போனது.

அடி தட்டவில்லை.

உள்ளே விரல்கள். குளிர்ந்த விரல்கள். ஏறுவதற்குக் கை கேட்கும் அதே பிடி.

ஏறவில்லை. இழுத்தது.

கத்த வாய் திறந்தாள். நாக்கில் மண்.

கன்னம் பாசியில் பதிந்தது. மற்ற ஐந்து வாளிகளிலும் பாசி மெல்ல ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

அவள் கொடுக்கவேண்டிய கடன் ஒன்றுதான். குழியில் ஒரு முறை.