ஆறு நிமிடத்தில் ஆறு விரால்

காலை 9.40. பாதரசம் காணாமல் போயிருந்தது.

ஏரிச் சேற்றில் இருந்தது. தண்ணீரிலும் துளியூண்டு இருந்தது. அதே தண்ணீரில் முந்தாநாள் காலை பிடித்த ஆறு விரால்களில் மட்டும் மருந்துக்கும் இல்லை. ஆய்வகத்தம்மா முடிவுத் தாளை மேசையில் வைத்தார். எதிரே நின்ற நீர்த்துறை ஆய்வாளருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். எதையும் தப்பவிட மாட்டார் என்பதால் வந்த பெயர் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். உண்மைக் காரணம் அவருடைய மூக்குக் கண்ணாடியின் தடிமன்.

"மெஷின் கோளாறா இருக்குமோ?"

"மூணு தடவை போட்டுட்டேன் சார். மெஷின் என்னைவிட ஒழுங்கு."

"மீன் சுத்தம்னா நல்ல சேதிதானேம்மா?"

"சேத்துப் புழுவைச் சின்ன மீன் தின்னுது, சின்ன மீனை விரால் தின்னுது. ஏறி ஏறி விரால்லதான் அதிகமா இருக்கணும். சுத்தமா இல்லேன்னா, யாரோ கைவரிசை காட்டியிருக்காங்க."

மாலை நான்கு மணிக்கு மேலதிகாரி ஒரு அறிவிப்பில் கையெழுத்துப் போடப்போகிறார்: இந்த ஏரி மீனைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தாராளமாகச் சாப்பிடலாம். பாதரசம் முதலில் கைவைப்பதே வயிற்றுப் பிள்ளையின் மூளையில்தான்.

10.15. ஏரிக்கரையில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருக்கிறது. மீன் சுத்தமென்றால் முதல் லாபம் அவர்களுக்கு. ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்த ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"வழியில வண்டிய நிறுத்தினியா?"

"நிறுத்தினேன் சார்."

"எதுக்கு?"

"நீங்கதான் டீ குடிக்கணும்னீங்க."

"அப்போ பெட்டி எங்க இருந்துச்சு?"

"உங்க காலுக்குக் கீழ சார். அது மேலதான் காலை நீட்டிட்டு டீ குடிச்சீங்க."

மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. பெட்டியின் முத்திரை உடையவில்லை. ஒவ்வொரு மீனின் செவுளிலும் ஏரிக்கரையில் பூதக்கண்ணாடியே கட்டிய சீட்டு, அவருடைய கோழிக்கிறுக்கலோடு அப்படியே தொங்கியது. அந்தக் கையெழுத்தை எழுத வேறு யாராலும் முடியாது. படிக்கவும் முடியாது.

11.05. "மிச்ச மீனைக் காட்டுங்கம்மா."

சோதனைக்கு முதுகுச் சதையை மட்டும்தான் வெட்டுவார்கள். மீதி ஃப்ரீசரில். ஆறையும் தட்டில் வரிசையாக அடுக்கினார் ஆய்வகத்தம்மா. ஆறுக்கும் மூக்கு நுனி தோலுரிந்து தேய்ந்திருந்தது. வால் ஓரங்கள் பழைய துடைப்பம் மாதிரி சிலும்பிக் கிடந்தன.

பூதக்கண்ணாடி தன் குறிப்பேட்டைப் புரட்டினார். "6.40 வலை வீச்சு. 6.46 ஆறு விரால். எடை கிராமில்: 990, 1000, 980, 1000, 1010, 990. அருமை!"

அந்த ஆச்சரியக்குறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார்.

12.50. அன்று வலை வீசியவர் மீனவர் சங்கத் தலைவர். அவர் வீட்டு வாசலில் வலை காய்ந்தது. கதவோரம் பூனைக் கிண்ணம் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. பூனையைக் காணோம். உள்ளே ஏழு மாத வயிற்றோடு தலைவரின் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் அவித்த முட்டை.

"ஊருக்கே மீன் குடுக்கிற வீட்ல எனக்கு முட்டை. நீங்களாவது கேளுங்க சார். நாலு மாசமா அப்பா மீனைக் கண்ணுலயே காட்டல."

"உடம்புக்குச் சூடும்மா," என்றார் தலைவர், வலையைப் பார்த்துக்கொண்டே.

பூதக்கண்ணாடி அவரை வாசலுக்கு அழைத்துவந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெட்டியில எதுவும் நடக்கல தலைவரே. நடந்தது ஏரியில. கரையோரம் நீங்க வலை வீசின இடத்துல முதல்நாளே தண்ணிக்கடியில அடைப்பு வலை கட்டி, தொட்டியில வளர்த்த விராலை விட்டிருக்கீங்க. அதுக்கு மேலயே வலை வீசினீங்க."

"யாரு சொன்னா?"

"மீனுங்கதான். சிமெண்ட் சுவத்துல முட்டி முட்டி மூக்கு தேஞ்சிருக்கு. ஏரிக்குச் சுவர் ஏது? அதோட, ஒரே வீச்சுல ஒரே எடையில ஆறு மீன். சந்தை ஆர்டருக்கு அளவு பார்த்துப் பொறுக்குற கை உங்களுது. ஏமாத்தும்போதும் அது வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு. பக்கத்துல நின்ன நான், ‘அருமை’ன்னு எழுதிட்டு வந்திருக்கேன்."

தலைவர் கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பூனை பின்னங்காலை இழுத்துச்சு சார். சுத்திச் சுத்தி வந்து விழுந்துச்சு. வெட்டிப் போட்ட மீன் தலையெல்லாம் அதுக்குத்தான் போடுவேன். அன்னைக்கே புரிஞ்சுபோச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "மச்சான் தொட்டி மீன்தான் அது. நாப்பது படகு சார். மீன் பிடிக்காதேன்னு சொல்லிட்டா நாங்க எங்க போறது?"

"உங்க பொண்ணுக்கு முட்டை. அந்த நாப்பது வீட்லயும் பொண்ணுங்க இல்லையா?"

தலைவர் கவிழ்ந்த கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னொண்ணும் யோசிங்க. மீன் சுத்தம்னா தொழிற்சாலையும் சுத்தம். நாளைக்கு ஒருத்தர் கை நடுங்குச்சுன்னா, நஷ்டஈடுன்னு எவன்கிட்ட போய் நிப்பீங்க? நீங்க படகைக் காப்பாத்தல தலைவரே, அவங்களைக் காப்பாத்திட்டீங்க."

தலைவர் எழுந்து, காய்ந்த வலையைத் தோளில் போட்டார்.

"நடு ஏரிக்குப் போகணும். உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப அசையாம உக்காருங்க. டீ கிடைக்காது."

2.05. படகேறும் முன் மேலதிகாரியிடம் தொலைபேசியில் பேசி, கையெழுத்தை நிறுத்திவைத்தார். 3.30 வரை வலை வீசியதில் கிடைத்தவை நான்கு. எடை கிராமில்: 430, 1870, 260, 1120. மூக்கு நாலுக்கும் பளபளவென்று முழுசாக இருந்தது.

மறுநாள் காலை 9.40. பாதரசம் கிடைத்துவிட்டது. பெரிய விராலில் அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு. ஆய்வகத்தம்மா தாளை நீட்டும்போது சிரிக்கவில்லை. அதற்குள் நாற்பது வீட்டுக்கும் தலைவரே நேரில் போய்ச் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டில் அடிக்க வந்தார்களாம். வாங்கிக்கொண்டாராம்.

பூதக்கண்ணாடி பழைய பக்கத்தில் ‘அருமை!’யை அடித்தார். அதன்மேல் எழுதினார்: "நேரில் பார்த்த சாட்சி: நான். ஏமாந்ததும் நானே." முதல்முறையாக, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதினார்.