முன்னே போன தடம்

"உனக்கு நடக்கத் தெரியுமாடி?"

ஷிலான் புதுப்பெண்ணாக அந்த ஊரில் வந்து இறங்கிய அன்று, பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் நாஸ்தார் கேட்ட முதல் கேள்வி அது. நாஸ்தார் அவளுடைய கணவனின் அண்ணன் மனைவி. சனந்தஜ் நகரத்துத் தார்ச்சாலைகளில் நடந்து வளர்ந்த ஷிலான் சிரித்துவிட்டாள். நாஸ்தார் சிரிக்கவில்லை.

"இங்க நடக்கறதுன்னா, முன்னால போறவங்க தடத்துலயே காலை வைக்கறது. கொஞ்சம் தள்ளி வெச்சே, அள்ளிக் கட்ட ஒரு கைக்குட்டை போதும். புரியுதா பட்டணத்து மகாராணி?"

ஊருக்கு மேலே மலை. மலையின் முதுகுதான் எல்லை. இந்தப் பக்கம் உருகும் பனி ஈரானுக்கு, அந்தப் பக்கம் உருகுவது இராக்குக்கு. போர் முடிந்து இரண்டு படைகளும் இறங்கிப் போயின. புதைத்த கண்ணிவெடிகளை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பனி உருகும்போதெல்லாம் அவை சேற்றோடு சறுக்கி இடம் மாறும். போன வருடத்துப் பாதை இந்த வருடத்துக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒருவன் தனியாக ஏறி வழி திறப்பான். அவன் தடத்தைப் பிடித்துத்தான் பெண்கள் ரேவாஸ் தண்டு பறிக்கப் போவார்கள். அந்தப் புளிப்புத் தண்டு மரிவான் சந்தைக்குப் போனால்தான் வீட்டுக்கு மாவு வரும்.

வழி திறந்துவந்தவன் நாஸ்தாரின் கணவன் மாரூஃப். போன வசந்தத்தில் ஏறியவனை ஒரு கம்பளியில் சுருட்டித்தான் இறக்கினார்கள்.

இந்த வருடம் யாரும் முன்வரவில்லை. ஷிலானின் கணவன் தெற்கே செங்கல் சூளையில் இருந்தான்.

"சும்மா அடிவாரம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள் நாஸ்தார். நாஸ்தாரின் மூன்று வயது மகள் ஹானாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கூடையோடு கிளம்பினார்கள்.

மூடுபனி தரைவரை இறங்கியிருந்தது. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. விடிகாலையில் கத்தித் தீர்க்கும் கௌதாரிகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

அடிவாரத்துப் பனியில் ஒரு தடம் ஏறிப்போயிருந்தது.

"யாரோ திறந்துட்டாங்கக்கா!"

நாஸ்தார் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "என் பின்னாடியே வா" என்று மட்டும் சொன்னாள்.

ஏறினார்கள். நாஸ்தார் அந்தத் தடத்தில் கால் வைத்தாள். அவள் கால் எடுத்த குழியில் ஷிலான் வைத்தாள். ஈர மண்ணும் காட்டுப்பூண்டும் மணத்தன. இடையிடையே கருகிய இரும்பின் வாடை வந்து போயிற்று. தடங்கள் வழவழவென்றிருந்தன. ரப்பர் பூட்ஸின் வரி எதுவும் இல்லை. துணியை அடுக்கித் தைத்த கலாஷ் செருப்பின் அடி.

"இந்த ஈரத்துல எவன்க்கா கலாஷ் போட்டுட்டு ஏறுவான்?"

"உன் புருஷன் ஏறுவான். அவனுக்குத்தான் மண்டையில ஒண்ணும் கிடையாது."

எப்போதும் சொல்லும் கேலிதான். ஆனால் நாஸ்தார் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

அப்போதுதான் ஷிலான் அதைக் கவனித்தாள். நாஸ்தார் அடுத்து மிதிக்கப்போகும் தடத்தின் நடுவே ஒரு ஊதாப்பூ நின்றிருந்தது.

நசுங்காமல். நிமிர்ந்து.

அதை மிதித்து நாஸ்தார் மேலே போனாள். ஷிலானின் கண் அதற்கும் அடுத்த தடத்துக்குத் தாவியது.

"அக்கா! காலைக் கீழ வைக்காத!"

நாஸ்தாரின் கால் காற்றில் நின்றது.

பனி கரைந்த இடத்தில், தேநீர்த் தட்டு அளவுக்குத் துருப்பிடித்த ஒரு வட்டம் தெரிந்தது. தடம் அதன்மேல் முழுதாகப் பதிந்திருந்தது. குதிகாலும் விரலும் ஒன்று விடாமல்.

மிதித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எடை இல்லாதவனை அது என்ன செய்யும்?

"கீழேயே பாத்துட்டேன்" என்று நாஸ்தார் மெல்லச் சொன்னாள். "நான் தெச்ச கலாஷ் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவரை மட்டும்தான் இறக்கினாங்க. கலாஷ் கிடைக்கலை."

"தெரிஞ்சா வந்தே?"

"நீ திரும்பிப் போ. நீ கால் வெச்சதெல்லாம் நான் மிதிச்ச இடம். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"நீயும் வா!"

"அவர் நிக்கறார்டி. கையை நீட்டிட்டு நிக்கறார்."

ஷிலானுக்கு மூடுபனி மட்டுமே தெரிந்தது. எல்லா இடத்திலும் அது நகர்ந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் நகரவில்லை.

அவள் நாஸ்தாரின் இடுப்புத்துணியை இறுகப் பிடித்தாள். "ஹானா இன்னும் சாப்பிடலைக்கா. அம்மா வந்துதான் ஊட்டணும்னு வாயை மூடிக்கிட்டா. நான் போய் என்னன்னு சொல்லட்டும்?"

காற்றில் நின்ற கால் பழைய குழிக்கே திரும்பியது.

திரும்பி நிற்க இடமில்லை. இருவரும் பின்பக்கமாகவே, தங்கள் குழிகளைக் காலால் தேடித் தேடி இறங்கினார்கள்.

புச்.

அவர்கள் விட்டுவந்த பனியில், புதிதாக ஒரு தடம் அழுந்தியது. விரல்கள் கீழ்நோக்கி.

புச்.

ஷிலான் கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. ஊருக்குப் போகும் தார்ச்சாலை காலில் தட்டும்வரை அந்தச் சத்தம் நிதானமாக, அவசரமே இல்லாமல் கூட வந்தது.

அன்று முழுதும் நாஸ்தார் நன்றாகத்தான் இருந்தாள். ஹானாவுக்கு ரொட்டியைத் தயிரில் பிசைந்து ஊட்டினாள். தலை பின்னிவிட்டாள். "இன்னிக்கு என்கூடவே இரு, அக்கா" என்று ஷிலான் சொன்னதற்குத் தலையாட்டினாள். இருட்டத் தொடங்கியபோது பருவம் தப்பிய பனி மறுபடி கொட்டியது. ஷிலான் கதவைத் தாழிட்டுவிட்டு, தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள்.

வாசலில் கேட்டது.

புச்.

நாஸ்தார் எழுந்தாள். குனிந்து ஹானாவின் நெற்றியை முகர்ந்தாள். ஷிலானை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலியும் இல்லை, பயமும் இல்லை.

"அக்கா, வேணாம்... அக்கா!"

தாழ் விலகியது. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு ஷிலான் ஓடி வருவதற்குள் வாசல் காலியாக இருந்தது.

நாஸ்தாரின் பூட்ஸ் கதவோரம் அப்படியே கிடந்தது. முற்றத்துப் பனியில் அவள் கால் பட்ட அடையாளமே இல்லை. கலாஷ் தடம் ஒன்று மட்டும் மலையைப் பார்த்துப் போயிருந்தது. இம்முறை அது ஆழமாக, அடியில் கறுப்பு மண் தெரியும்வரை அழுந்தியிருந்தது, முதுகில் ஆளைச் சுமந்து நடப்பவனின் தடம்போல.