முரசின் மேல் பட்டாணி

"ஊரே பசியில கிடக்குது. நீ என்னடான்னா பட்டாணியை வேகவைக்காம முரசு மேல கொட்டி வச்சிருக்கே. ஏன்?"

காவலுக்கு வந்த முதல் நாள் சிப்பாய் காஸ்பார் ஒதில் என்ற பெண்ணிடம் கேட்ட கேள்வி அது. இன்று அந்தப் பட்டாணியே அவனுக்குப் பதில் சொன்னது. துள்ளியது!

எதிரிப் படை வால்ப்ரூன் கோட்டை நகரத்தை வளைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மதிலுக்கு அடியில் குடைந்து வெடிமருந்து வைப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பூமிக்குள் யாராவது தோண்டினால் நிலவறையில் வைத்த முரசின் தோல் அதிரும், பட்டாணி துள்ளும். அதைக் கவனிப்பதுதான் ஒதிலின் வேலை.

அவளுடைய அண்ணன் பெனுவா, இரண்டு கூட்டாளிகளோடு பழைய உப்புச் சுரங்கம் வழியாக ஆற்றங்கரை ஆலைக்கு மாவு எடுக்கப் போனவன். திரும்பவில்லை. பீரங்கிக் குண்டு விழுந்து சுரங்கம் இடிந்துவிட்டது. செத்திருப்பான் என்றது ஊர்.

"கேப்டன் ஐயா! தோண்டுறாங்க!" ஒதில் மூச்சிரைக்க ஓடினாள்.

வெளியூர்க்காரரான கேப்டன் விரைந்து வந்தார். எதிரி குடைந்து வந்தால் அவன் சுரங்கத்தைத் தகர்க்க, நிலவறையிலிருந்து வெளியே குடைந்த சிறு பொந்தில் வெடிமருந்துப் பீப்பாய் தயாராக இருந்தது. திரியை நீட்டிவிட்டு மெழுகுவத்தியைக் கையில் எடுத்தார்.

ஒதில் மறுபடியும் முரசைப் பார்த்தாள். பட்டாணி மூன்று முறை துள்ளியது. நின்றது. பிறகு லேசாக ஒரு நடுக்கம். மறுபடியும் அதே மாதிரி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வெட்டு வெட்டியதும் நிறுத்தி, கடப்பாரையின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, மேற்கூரை உறுதியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பது வால்ப்ரூன் உப்புச் சுரங்கக்காரர்களின் பழக்கம்!

"பத்த வைக்காதீங்க! அது எங்க அண்ணன்!"

"பொண்ணே, எதிரிகிட்டயும் சுரங்கக்காரன் இருப்பான். நகரு!"

"நான் தட்டுறேன், பதில் வருதான்னு பாருங்க. பத்த வச்சீங்கன்னா நானும் உள்ளதான்!"

அவள் பொந்துக்குள் புகுந்தாள். மண் உதிர்ந்தது. பீப்பாயைத் தாண்டி ஊர்ந்து போனாள். ஒரு கல்லை எடுத்துப் பாறையில் இருமுறை தட்டினாள். சுரங்கக்காரர் வழக்கில் அதற்கு 'இங்கே ஆள் இருக்கு' என்று பொருள்.

பதில் இல்லை. வெட்டுச் சத்தமும் நின்றுபோனது. கேப்டனைத் தானே கூப்பிட்டு அண்ணனைக் கொல்லப் பார்த்தோமே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டொக். டொக்.

"காஸ்பார், மண்வெட்டி கொண்டா!" என்று கேப்டன் கத்தினார்.

பீப்பாயை வெளியே உருட்டிவிட்டு இரு பக்கமும் வெட்டினார்கள். மண் சரிந்து ஓட்டை விழுந்தது. வெள்ளை வெளேரென்று மாவு பூசிய ஒரு கை வெளியே வந்தது!

"ஒதிலா? பட்டாணியை சூப்பு வச்சுட்டீங்களோன்னு பயந்தேன்!"

"இனிமேதாண்ணா!" என்று அவள் அந்தக் கையைப் பிடித்து அழுதாள், சிரித்தாள். கூட்டாளிகள் இருவரும் மாவு மூட்டைகளை இழுத்தபடி பின்னாலேயே வந்தார்கள். காஸ்பார் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான்.

பயத்தில் எந்தச் சத்தமும் எதிரியின் சத்தமாகத்தான் கேட்கும், இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒதில் காவலுக்கு ஒரு பிடியை மட்டும் முரசில் விட்டுவிட்டு மீதிப் பட்டாணியைப் பாத்திரத்தில் அள்ளினாள்.

கேப்டன் மெழுகுவத்தியை விரல்களால் நசுக்கி அணைத்தார். திரியைச் சுருட்டினார். தொப்பியைக் கழற்றி அவள் முன் ஒரு கணம் நின்றார். பிறகு படியேறிப் போனார்.