குசுமின் ஐயா எங்கே?

நாகேஸ்வரிக்குப் பத்து வயது. அதுவரை அவள் கோச்சியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவளுடைய ஊரான கரவெட்டிப் பக்கம் கோச்சி வருவதே இல்லை.

அதனால், ஆகஸ்ட் விடுமுறையில் ஒருநாள் அவளுடைய அப்பா கதிரவேலு, "காங்கேசன்துறை ஸ்ரேசனிலை பழைய கோச்சிக் கண்காட்சி வைச்சிருக்கினமாம். ஞாயிற்றுக்கிழமை போவம்" என்று சொன்னதும், அவள் கிணற்றடிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். ஏன் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஐயா, கரிக்கோச்சியும் நிக்குமோ?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நிக்கிறது மட்டுமில்லை, ஓடுமாம்!"

டீசல் எஞ்சின்கள் வந்தபிறகு கரிக்கோச்சிகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கண்காட்சிக்காக ஒன்றுக்கு மட்டும் மறுபடி நெருப்பு மூட்டியிருந்தார்கள். அது ஒரேயொரு பெட்டியை இழுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போய்த் திரும்பும். விரும்பியவர்கள் ஏறலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே ஐயா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்து முடித்துவிட்டார். அம்மா பூரணம் பனங்காய்ப் பணியாரத்தை ஓலைப்பெட்டியில் போட்டு மூடினார். அண்ணன் சோமசேகரம் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு பிரித்து, பிறகு அது சரியில்லை என்று மறுபடி பிரித்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. நண்பனிடம் வாங்கிய ரயில் புத்தகம் ஒன்றை முழுவதும் படித்திருந்தான். ஆகவே பஸ்ஸில் போகும்போது வழி நெடுகப் பாடம் நடத்தினான்.

"கரிக்கோச்சி தண்ணி குடிக்கும், தெரியுமோ?"

"எருமை மாடும்தான் குடிக்கும்" என்றார் ஐயா. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

காங்கேசன்துறை நிலையத்தில் ஒரே சனம். ஒதுக்குப்புறத் தண்டவாளத்தில் பழைய பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒரு பெட்டிக்குள் பித்தளை விளக்குகள், கைப்பிடி தேய்ந்த மணிகள், வெள்ளைக்காரத் துரைமார் சாய்ந்து போன மெத்தை நாற்காலிகள். 'உட்காரக் கூடாது' என்ற பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை மெத்தையில் சுருண்டு படுத்திருந்தது.

"உதுக்கு வாசிக்கத் தெரியாது போலை" என்றாள் நாகேஸ்வரி.

எல்லாவற்றுக்கும் அப்பால், கன்னங்கரேலென்று, புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றது கரிக்கோச்சி. அதன் சக்கரம் நாகேஸ்வரியைவிட உயரம். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

கோச்சியில் ஏறுவதற்கு நீண்ட வரிசை. அம்மா நிழலில் உட்கார்ந்துவிட்டார். மற்ற மூவரும் வரிசையில் நின்றார்கள். வெயில் சுட்டது. வரிசை நத்தை போல நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டி நிறைந்து போவதும், வெறுமையாகி வருவதும், நாகேஸ்வரி ஓர் அடி முன்னே போவதுமாக இருந்தது.

"இதுதான் கடைசி ஓட்டம்!" என்று நிலைய ஊழியர் ஒருவர் கூவினார். "வரிசையை விட்டு வெளிக்கிட்டால் பிறகு இடமில்லை!"

நாகேஸ்வரி முன்னால் நிற்பவர்களைப் பார்த்தாள். நிச்சயம் இடம் கிடைக்கும்!

அப்போதுதான் அந்த அழுகைச் சத்தம் கேட்டது.

எஞ்சினின் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான்கு வயதிருக்கும். சுற்றி நின்ற பெரியவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். கேள்வி கூடக் கூட அழுகையும் கூடியது.

"சிங்களப் பிள்ளை போலை கிடக்கு. நாங்கள் கதைக்கிறது அதுக்கு விளங்கேல்லை" என்றார் ஒருவர்.

எஞ்சின் சாரதி யாகப்பு மேலிருந்து எட்டிப் பார்த்தார். ஆறடி உயரம். முகமெல்லாம் கரி. சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் எஞ்சின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய குரல் அவருடையது. அந்தக் குரலில் அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டதும், சிறுமி வீரிட்டுக் கத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

நாகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, நான் போய்ப் பாத்திட்டு வாறன்."

"வரிசை போயிடும் பிள்ளை!"

நாகேஸ்வரி பெட்டியைப் பார்த்தாள். சிறுமியைப் பார்த்தாள். வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

முதலில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சிறுமிக்கு முன்னால் குந்தி இருந்தாள். அம்மாவிடம் ஓடிப்போய் எடுத்து வந்த பனங்காய்ப் பணியாரம் ஒன்றை நீட்டினாள். சிறுமி ஒரு விரலை விலக்கிப் பார்த்தாள். பிறகு வாங்கிக் கடித்தாள். கடிக்கும்போது அழ முடியாதே!

நாகேஸ்வரி தன் நெஞ்சைத் தொட்டு, "நாகேஸ்" என்றாள்.

சிறுமியும் தன் நெஞ்சைத் தொட்டாள். "குசும்."

பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "ஐயா..."

நாகேஸ்வரி துள்ளி எழுந்தாள். "விளங்கீட்டுது! இவள் தன்ரை ஐயாவைத் தேடுறாள்!"

யாகப்பு உடனே கையைக் குவித்து, தகப்பனை வரச் சொல்லிச் சிங்களத்தில் கூவினார். எஞ்சின் இரைச்சலில் அது எவ்வளவு தூரம் போனதோ? யாரும் வரவில்லை.

"நாங்களே தேடுவம்" என்று குசுமின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் நாகேஸ்வரி. தொப்பி போட்ட ஒருவரைக் காட்டி, "ஐயா?" என்று கேட்டாள். குசும் தலையை ஆட்டினாள், இல்லை. கண்ணாடி போட்ட ஒருவர். இல்லை. குடையோடு நின்ற ஒரு குண்டு மனிதரிடம் போய், "இது உங்கடை பிள்ளையோ?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை, தங்கச்சி!" என்று அவர் பதறிப்போய்க் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இதற்குள் ஐயாவும் வரிசையை விட்டு வந்துவிட்டார். பின்னால் சோமசேகரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"ஐயா, இஞ்சை வாங்கோ!" என்று நாகேஸ்வரி கூப்பிட்டாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் குசும் சட்டென்று திரும்பினாள். அவள் கண்கள் பளிச்சென்று மின்னின. நாகேஸ்வரியின் ஐயாவைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. பிறகு அவரைச் சுட்டிக்காட்டி, "தாத்தா" என்றாள்.

"தாத்தாவோ!" ஐயா தன் தலைமயிரைத் தடவிப் பார்த்தார். "நான் என்ன அவ்வளவு கிழவனே?"

சோமசேகரத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குசும் அவனையும் விடவில்லை. விரலை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஐயா" என்றாள்.

"பாத்தியே? உவளுக்கு ஆள் தெரிஞ்சு மரியாதை குடுக்கத் தெரியுது" என்று சோமசேகரம் நெஞ்சை நிமிர்த்தினான்.

நாகேஸ்வரி சிரிக்கவில்லை. ஐயாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். மறுபடி ஐயாவைப் பார்த்தாள்.

"அண்ணை, கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ!" என்றாள். பிறகு தன் ஐயாவைத் தொட்டுக் காட்டிக் குசுமிடம், "தாத்தா?" என்று கேட்டாள்.

குசும் ஆமென்று தலையசைத்தாள்.

அண்ணனைத் தொட்டாள். "ஐயா?"

குசும் இன்னும் வேகமாகத் தலையசைத்தாள். அவன் பக்கத்தில் போய், எட்டி, அவனுடைய காதுவரை கையை உயர்த்தப் பார்த்தாள். இவ்வளவு உயரம் என்று காட்டுகிறாள்!

"அவையின்ரை பாசையிலை தாத்தா எண்டால் அப்பா! ஐயா எண்டால் அண்ணை!" என்று நாகேஸ்வரி கத்தினாள். "நாங்கள் பிழையான ஆளைத் தேடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம்! இவள் தேடுறது சோமு அண்ணை அளவு பெடியன் ஒருத்தனை!"

"ஆனால் இந்தச் சனத்துக்குள்ளை எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிக்கிறது?" என்றார் ஐயா. "இஞ்சை பாதிப்பேர் பெடியள்தான்."

நாகேஸ்வரி சுற்றிப் பார்த்தாள். பெட்டிகளுக்குள், பெட்டிகளுக்குக் கீழே, மேடையில், வேலியில், எங்கும் ஆட்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தால் பொழுது பட்டுவிடும். தேடுகிறவர்கள் அலையாமல், தேடப்படுகிறவனே இந்தப் பக்கம் பார்த்தால்?

அவள் எஞ்சினடிக்கு ஓடினாள்.

"மாமா! நீங்கள் கூவெண்டு ஊதினால் எல்லாரும் எங்கை பாப்பினம்?"

"எஞ்சினைத்தான் பாப்பினம். வேறை எங்கை பாக்கிறது?" என்றார் யாகப்பு.

"அப்ப குசுமை உங்கடை பக்கத்திலை ஏத்தி நிப்பாட்டுவம். அவளின்ரை அண்ணையும் பாப்பார்தானே!"

யாகப்பு ஒரு கணம் யோசித்தார். பிறகு கழுத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். கரிக்குள்ளிருந்து இரண்டு கன்னங்களும் ஒரு நல்ல சிரிப்பும் வெளியே வந்தன. இந்த முறை அவர் மிக மெதுவாக, கிட்டத்தட்ட இரகசியம் போல, குசுமிடம் சிங்களத்தில் பேசினார். குசும் நாகேஸ்வரியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். நாகேஸ்வரி முதலில் ஏறினாள். அவள் ஏறியதைப் பார்த்துக் குசும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மேலே சூடு முகத்தில் அடித்தது. யாகப்பு ஒரு கயிற்றைக் காட்டினார்.

"இழு பிள்ளை!"

"நானோ?"

"யோசினை உன்ரைதானே!"

நாகேஸ்வரி கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

கூ... ஊ... ஊ... ஊ!

காகங்கள் எல்லாம் மரத்தைவிட்டுப் பறந்தன. மெத்தையில் படுத்திருந்த பூனை யன்னலால் பாய்ந்து ஓடியது. ஆயிரம் முகங்கள் எஞ்சின் பக்கம் திரும்பின. கண்காட்சிப் பெட்டி வரிசையின் கடைசிப் பெட்டிக்குள் ஆசனங்களுக்குக் கீழே தவழ்ந்து தேடிக்கொண்டிருந்த ஒரு பையனும் தலையை வெளியே நீட்டினான்.

"குசும்!"

அவன் குதித்து ஓடி வந்தான். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றக் காலில் இல்லை. எஞ்சினில் ஏறித் தங்கையைக் கட்டிப் பிடித்தவன், விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டான். குசும் அழவில்லை. கையில் மீதமிருந்த பணியாரத்தை அவன் வாயில் திணித்தாள்.

அவன் பெயர் சரத் என்றும், குடும்பத்தோடு நயினாதீவுப் புத்த விகாரைக்குக் கும்பிட வந்து இப்போது ஊர் திரும்புகிறார்கள் என்றும் யாகப்பு விசாரித்துச் சொன்னார். தாயும் தகப்பனும் பயண மூட்டைகளோடு மேடையில் இருக்கிறார்களாம். தங்கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். ஒரே ஒரு நிமிடம் அவன் பித்தளை விளக்கைப் பார்த்தானாம், அவ்வளவுதான்.

"கோச்சிப் பெட்டி நிறைஞ்சிட்டுது! வெளிக்கிடலாம்!" என்று கீழேயிருந்து ஊழியர் கூவினார்.

நாகேஸ்வரி இறங்கக் காலை வைத்தாள். போனது போனதுதான். ஆனால் குசும் அவளுடைய பாவாடையை விடவில்லை. சாரதியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்டிப்பான குரலில் ஏதோ சொன்னாள்.

யாகப்பு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இவ இறங்க மாட்டாவாம். நாகேஸ் அக்காவும் வரவேணுமாம். அக்காவின்ரை ஐயாவும் வரவேணுமாம்."

"எந்த ஐயா?" என்று கீழேயிருந்து கேட்டார் கதிரவேலு, தலைமயிரைச் சரிசெய்துகொண்டே.

"உயரம் குறைஞ்ச ஐயா" என்றார் யாகப்பு. "தாத்தா கீழை நிண்டு, பிள்ளையளின்ரை பெற்றாருக்குப் போய்ச் சொல்லட்டும். நாங்கள் நடை வேகத்திலைதான் போவம்!"

சோமசேகரம் இரண்டே தாவலில் மேலே வந்துவிட்டான்.

கோச்சி அசைந்தது. நெருப்பு உறுமியது. புகை தலைக்கு மேலால் சுருண்டு சுருண்டு போனது. தூரத்தில் கடல் நீலமாக எழுந்து வந்தது. சோமசேகரமும் சரத்தும் ஒவ்வொரு சக்கரத்தையும் குழாயையும் சுட்டிக்காட்டி, ஒருவர் தமிழிலும் மற்றவர் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் விளக்கிக்கொண்டார்கள். இருவருக்கும் அது நன்றாக விளங்கியது போலத்தான் இருந்தது. நாகேஸ்வரி குசுமை மடியில் வைத்துக்கொண்டு கடற்காற்றில் கண்ணை மூடினாள்.

கோச்சி திரும்பி வந்தபோது இரண்டு அம்மாமாரும் மேடை விளிம்பில் ஒன்றாக நின்றார்கள். எஞ்சினிலிருந்து நான்கு கரிப் பொம்மைகள் இறங்கின.

"ஐயோ, இதென்ன கோலம்!" என்று அம்மா பாய்ந்து மூத்தவனைப் பிடித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் தேய்க்கத் தொடங்கினார். குசுமின் தாயும் ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே தன் மகனைப் பிடித்துத் தேய்த்தார்.

கரி மெல்ல மெல்லப் போனது. அம்மாவின் கைக்குள் சரத்தின் முகம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில், குசுமின் தாய் மூக்கை அழுத்திப் பிடித்த பிடியில் "நான்... நான்..." என்று திணறிக்கொண்டிருந்தவன் சோமசேகரம்.

இரண்டு அம்மாமாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, பிடித்த பிள்ளையை விடாமல், காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த கரியையும் துடைத்து முடித்தார்கள்.