தோள் தொடும் சுற்று

கோதுமைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த தகரக்கூரை மண்டபத்துக்கு நெரிடா வந்து சேர்ந்தபோது, சனிக்கிழமை ஜோடி நடனம் பாதி முடிந்திருந்தது. ஊருக்குப் புதியவள். மெல்பர்னில் வாராவாரம் ஆடிய கால் சும்மா இருக்குமா? கொண்டுவந்த கேக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தரையில் மெழுகு வாசனை. அதற்கடியில் ஈரமண் வாசனை.

பியானோவில் ஃபாக்ஸ்ட்ராட் ஓடிக்கொண்டிருந்தது. நாலு தட்டுத் தாளம். நடுவில் ஒருத்தி மட்டும் ஜோடியில்லாமல், காற்றை அணைத்தபடி, மூன்று தட்டில் வால்ட்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். தாளம் தெரியாத பெண் என்று நெரிடா பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபம்தான் அவளைக் கெடுத்தது.

“என் மக மேவிஸ்,” என்று பக்கத்திலிருந்த ஹில்டா கிசுகிசுத்தாள். “பொம்பளைங்க தோள் தொடுற சுத்து இது. ஆடுறவ தோளை இன்னொருத்தி தொட்டா, அவ இடத்தை விட்டுக் குடுத்துரணும். நீ போய்த் தொடேன் கண்ணு, புள்ள கொஞ்சம் உக்காரட்டும்.”

“நீங்களே தொடலாமே?”

“எனக்கு முட்டி வலிம்மா.”

நெரிடா எழுந்து போய்த் தொட்டாள்.

மேவிஸ் அப்படியே சரிந்தாள். வெள்ளைக் காலணிகளின் நுனியில் ரத்தம் ஊறியிருந்தது. முட்டிவலிக்காரி ஓடிவந்து மகளை வாரிக்கொண்டு வாசலைத் தாண்டிப் பறந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாதகி.

நெரிடாவின் கைகள் தாமாக உயர்ந்து காற்றை அணைத்தன; கீழே போட முயன்றாள்.

முடியவில்லை.

முதுகில் ஒரு கை அழுந்தியது. சில்லென்று.

காதருகே மூச்சு. “ஒண்ணு... ரெண்டு... மூணு...”

“யாராவது தொடுங்களேன்!”

பெண்கள் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்கள். ஒருத்தி நெரிடாவின் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

பியானோ நின்றது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நெரிடாவின் கால்கள் நிற்கவில்லை. கால்விரல் நகங்கள் பிய்ந்தன.

கதவு திறந்தது. காரில் அழைத்துப்போக வந்த தங்கை ஐல்சா.

“என்னக்கா, ஒத்தையில ஆடுற? மெல்பர்ன் மகாராணிக்கு ஜோடி சிக்கலையா? தள்ளு, நான் வரேன்!”

சிரித்துக்கொண்டே கையை நீட்டி வந்தாள். அம்மா போனபின் நெரிடா தூக்கி வளர்த்த பிள்ளை. தொடாதே என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கால்வலி உயிர் போகிற வலி.

நெரிடா தோளைச் சற்றே சாய்த்துக் கொடுத்தாள்.

காதருகே எண்ணிக்கொண்டிருந்த குரல், மெல்லச் சிரித்தது.