ஈரத்தோடு மடித்த கித்தான்

ஸ்ட்ரோவனின் பண்ணை முற்றத்துக்குள் எங்கள் டிரக் நுழைந்தபோது, வெங்காய வயல்களின் கருமண்ணிலிருந்து எழுந்த பனிமூட்டம் இன்னும் தரையை விட்டுப் போகவில்லை. களஞ்சியத்தை ஒட்டி, டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் முகாம் டிரெய்லர்கள் இரண்டு நின்றன. ஒன்று நீளம். ஒன்று குட்டை. இரண்டின் கழுத்திலும் 'விற்பனைக்கு' என்ற அட்டை தொங்கியது.

என் பெயர் கெரிட் ஹோல்வெர்டா. மிச்சிகன் ஏரியின் இந்தக் கரையில் எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் யாரும் ரசீது கேட்பதில்லை. கை குலுக்கினால் போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும்.

என்னோடு மகன் ட்வைட், அவன் மனைவி ரெனே, அவர்களின் ஐந்து வயது மகள் டெஸ். என் மனைவி அலீடாவுக்கு முழங்கால் வலி. வீட்டில் இருந்துவிட்டாள்.

ரெனே நேராக நீள டிரெய்லரிடம் போய், அதன் பக்கவாட்டை உள்ளங்கையால் தட்டினாள்.

"இதுதான் மாமா. சுவர்னா சுவரா இருக்கணும், துணியா இருக்கக்கூடாது."

"ட்வைட்டோட டிரக் இதை இழுக்காது. முதல் மேட்டுலயே நின்னுரும்."

"அப்ப டிரக்கை மாத்துவோம்."

"உங்க வீட்டுல அப்படித்தான். பெருசா வாங்குவீங்க, அடுத்த வாரம் திருப்பிக் குடுப்பீங்க."

அவள் முகம் சிவந்தது. ட்வைட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குப் பிடித்தது குட்டை. நடுவில் அடுப்பும் குளிர்பெட்டியும் கழிவறையும் உள்ள உறுதியான அறை. முன்னும் பின்னும் இரண்டு பலகைகள். கொக்கியை விடுவித்தால் பலகை கோட்டை அகழியின் தூக்குப் பாலம்போல வெளியே சாய்ந்து படுக்கையாகும். அதன்மேல் கித்தான் கூடாரமாக எழும். மூடிவிட்டால் சின்னப் பெட்டி. இழுக்க இலகு. மழை பெய்தால் கூரைச் சத்தமும் கேட்கும், ஏரிக்காற்றும் உள்ளே வரும். முகாம் என்றால் அதுதானே.

ஹார்வே ஸ்ட்ரோவன் வீட்டிலிருந்து மெதுவாக வந்தான். சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டே பின்பக்கப் படுக்கையை விரித்துக் காட்டினான்.

"முன்பக்கத்தையும் திற," என்றேன்.

"அதுவும் இதே மாதிரிதான்."

"திற."

திறந்தான். உள்ளிருந்து ஒரு வாசம் வந்தது. நனைந்த நாய், வெங்காயக் கிடங்கு, அதற்கும் அடியில் யாரோ நெடுநேரம் வாயை மூடியிருந்து திறந்தது போன்ற ஒரு மூச்சு. கித்தானில் ஓட்டை எதுவும் இல்லை. தையல் உறுதி.

அவன் மூடிய விதம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. துடைப்பக் கட்டையால் மெத்தையை மூலைக்கு மூலை அடித்தான். மடிப்புகளுக்குள் கையை விட்டுத் துழாவினான். ரெனே ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் விரலை உயர்த்தி அவளை அடக்கினான். கடைசிக் கொக்கி விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மூடுறப்போ பேசாதீங்க. முக்கியமா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க."

"ஏன்?"

"கண்ணு இருக்குல்ல? உள்ள யாரும் இல்லைன்னு பார்த்துட்டு மூடுங்க. அப்புறம், ஈரத்தோட மடிக்காதீங்க."

இரண்டாவது, கித்தான் டிரெய்லர் வைத்திருக்கும் எவனும் சொல்வது. முதலாவதைத் தனியாக வாழ்ந்து புளித்துப்போனவனின் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

"இந்த ஆளு எதையோ மறைக்கிறான்," என்றாள் ரெனே, அவன் காதில் விழும்படி.

"மறைக்கிறவன் இவ்வளவும் சொல்ல மாட்டான்மா," என்றான் ஸ்ட்ரோவன்.

விற்பவன் முகத்துக்கு நேரே அப்படிப் பேசும் மருமகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கையை நீட்டினேன். அவன் பற்றினான். விற்பவன் கையில் கொஞ்சமாவது இருக்கும் தயக்கம் அதில் இல்லை. சுமை இறக்கியவனின் கை அது.

"அப்பா, நாங்க இன்னும் முடிவு பண்ணலை," ட்வைட் முணுமுணுத்தான்.

"முடிவாயிருச்சு."

ஜூன் மாதம் மணற்குன்றுகளுக்குப் பின்னால் முகாம் போட்டோம். அலீடாவும் வந்தாள். பின்பக்கப் படுக்கை மகனுக்கும் மருமகளுக்கும், நடுவிலிருந்த சோபா எங்களுக்கு. முன்பக்கக் கித்தானுக்குள் டெஸ்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மதியம், அலீடா பட்டாணி சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். டெஸ் தன் படுக்கையில் குப்புறக் கிடந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இடிக்கிறாங்க."

"யாரு?"

"இவங்க."

கித்தான் உள்பக்கமாகப் புடைத்திருந்தது. ஒரு பெரிய உருண்டை, அதன்மேல் சிறிய உருண்டை. தோளும் தலையும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நினைக்க மறுத்தேன். புடைப்பு மெல்ல நகர்ந்தது, ஒருவர் சுவரில் சாய்ந்தபடி நடப்பதைப்போல. மூலைக்குப் போனதும் நின்றது.

"குப்பையைக் கிளற வந்த ராக்கூனா இருக்கும்," என்றான் ட்வைட்.

"இந்த உயரத்துக்கா?" என்றாள் ரெனே. மகளை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் வெளியே போனேன். மழை மணலைத் தட்டிச் சமமாக்கியிருந்தது. படுக்கையைச் சுற்றி ஒரு காலடித் தடம்கூட இல்லை.

வெளியிலிருந்து பார்க்கும்போது அந்த இடத்தில் கித்தான் உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கவில்லை. நேராக, விறைப்பாக நின்றது.

குனிந்து பார்த்தேன். படுக்கையைத் தாங்கும் இரண்டு முட்டுக்கம்பிகளும் மணலில் புதைந்துகொண்டிருந்தன. டெஸ் அவள் அம்மா மடியில் இருந்தாள். படுக்கை காலி.

ஒரு கம்பி முனகியது.

பிறகு மற்றது.

தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

நான் உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். ஹோல்வெர்டா வீட்டு ஆள் சூப்புத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேய் என்று பேசுவதா?

"திங்கக்கிழமை இதை அந்த ஆளுகிட்டயே திருப்பிக் குடுத்துருங்க," என்றாள் ரெனே.

"கை குலுக்கியாச்சு."

"கை உங்களோடது மாமா. பொண்ணு என்னோடது."

கை குலுக்கியது தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

மழை நிற்கட்டும், ஞாயிறு போகலாம் என்றான் ட்வைட். ஓய்வுநாளில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் கண்முன்னே, எங்கள் தெருவில் நுழைவதா? என் அப்பா காலத்திலிருந்து அது நடந்ததில்லை. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றேன். கித்தானை ஈரத்தோடு மடித்தோம்.

அலீடாவும் டெஸ்ஸும் டிரக்கில் ஏறிவிட்டார்கள். நான் முன்பக்க மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையும் காலி. ட்வைட்டும் நானும் பலகையைத் தூக்கினோம். ஒரு கை நுழையும் இடைவெளி மிச்சமிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. என் சிறுவயதில் ஒரு பயணத்தில் அத்தை ஒருத்தியைப் பெட்ரோல் நிலையத்திலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கும் கிளம்புமுன், சாப்பாட்டு மேசையில் ஜெபத்துக்கு முன், வயது வரிசையில் பெயர் கூப்பிடுவோம். மூத்தவர் தன் பெயரைத் தானே சொல்லித் தொடங்குவார். பதில் சொல்லாமல் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

அந்த வழக்கம் வாயில் வந்துவிட்டது.

"கெரிட், இருக்கேன். அலீடா."

"இருக்கேன்," என்றாள் டிரக்கிலிருந்து.

"ட்வைட்."

"இருக்கேன்பா."

"ரெனே."

"இருக்கேன். வேற எங்க போறது?"

"டெஸ்."

நான் நின்ற இடத்திலிருந்து டிரக்கின் ஜன்னல் தெரிந்தது. டெஸ் கண்ணாடியில் நெற்றியை அழுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

"இருக்கேன் தாத்தா."

பலகையின் இடைவெளிக்குள்ளிருந்து வந்தது.

ரெனே பாய்ந்து பலகையைப் பிடித்து இழுத்தாள். அது எங்கள் கையைவிட்டு நழுவித் தடாரென்று விழுந்தது. மெத்தை காலி. நடுவில் ஒரு சிறு பள்ளம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழுந்து சமமானது.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் ரெனே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வந்துட்டோம். உங்க பேரைக் காப்பாத்தியாச்சு."

மறுநாள் தேவாலயத்தில் அலீடா வழக்கம்போல டெஸ்ஸின் கையில் பெப்பர்மிண்ட் மிட்டாய் வைத்தாள். குழந்தை நன்றி சொல்லவில்லை. முந்தின மாலையிலிருந்து அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்திருக்கிறாள், சரியாகிவிடும் என்றேன்.

டிரெய்லர் ஈரத்தோடு முற்றத்தில் நின்றது. ஓய்வுநாளில் கித்தானை விரித்துக் காயவைக்கும் வேலையை நான் செய்வதில்லை.

மதிய உணவு மேசையில் கறி ஆவி பறந்தது. ஜன்னல் திறந்திருந்தது. வரிசையாகப் பெயர் கூப்பிட்டேன்.

"டெஸ்."

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"இருக்கேன் தாத்தா."

முற்றத்திலிருந்து, தெளிவாக, சற்றே ஈரமாக.

ரெனே எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"என் பொண்ணோட குரலை வாங்கிட்டு வாங்க மாமா. அதுவரைக்கும் இந்த வீட்டை மிதிக்க மாட்டேன்."

திங்கள் காலை நான் ஸ்ட்ரோவனின் கதவைத் தட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். கொடுத்த கையைத் திரும்பக் கேட்பது என் வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

அவன் வலைக்கதவைத் திறக்கவில்லை.

"கூப்பிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"யாரோட குரல்?"

"என் பேத்தி."

விதைத் தோலை ஓரமாகத் துப்பினான். "எங்கிட்ட இருந்தப்போ அது என் பொண்டாட்டி குரல்ல பேசிட்டிருந்துச்சு. நீங்க இழுத்துட்டுப் போன அன்னைக்குத்தான் இந்த வீட்டுல நான் தூங்கினேன்."

"உன் மனைவி?"

"உள்ளதான் இருக்கா."

அவன் தோளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. ஒரு பெண் மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. எதையோ விடாமல் சொன்னாள்.

சத்தமே இல்லை.

"எரிச்சுட்டா?" என்றேன்.

"எரிச்சா குரலும் போயிரும்ல. அதனாலதான் நானும் எரிக்கலை." அவன் உள்கதவில் கையை வைத்தான். "இங்க திருப்பிக் கொண்டு வந்தீங்கன்னா துப்பாக்கியோட நிப்பேன் பெரியவரே. கூப்பிடாதீங்கன்னு சொன்னேன்ல?"

கதவு மூடிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க கித்தானை விரித்து வைத்தேன். நல்ல வெயில். காயவில்லை. சனிக்கிழமை மடித்து மூடி, கொக்கிகளின்மேல் பலகை வைத்து ஆணி அடித்தேன். வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டாலும் பதில் கூடாது என்றேன். அலீடா தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டு டிரெய்லருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தேவாலயம் முடிந்து போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். சமையலறை ஜன்னல் வழியாக அலீடா பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரெனேயோடு போய்விட்ட ட்வைட், டெஸ்ஸின் துணிகளை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தான்.

காற்று நின்றது.

பலகைக்குப் பின்னால் மெத்தை அமுங்கும் ஓசை.

"கெரிட்."

டெஸ்ஸின் குரல். ஆனால் டெஸ் என்னை அப்படிக் கூப்பிட மாட்டாள்.

என் வாய் தானாகத் திறந்தது. என் அப்பா பழக்கிய வாய் அது. நாக்கைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டேன்.

அது காத்திருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அது என்னை மட்டும் கூப்பிடவில்லை. வரிசையாகக் கூப்பிடுகிறது.

"அலீடா."

நான் எழுவதற்குள், பாத்திரச் சத்தத்தின் நடுவே, இத்தனை ஆண்டுப் பழக்கத்தில், ஜன்னல் வழியாக வந்தது:

"இருக்கேன்."

பாத்திரம் விழுந்தது. ஜன்னலில் அலீடா தெரிந்தாள். ஒரு கையால் தொண்டையைப் பிடித்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

தெருமுனையில் ட்வைட்டின் டிரக் திரும்பியது. கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து வந்துகொண்டிருந்தான்.

நான் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, ஊர் பார்க்க, தொப்பி இல்லாமல், இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடினேன். நாக்கு வீங்கிச் சொல் வரவில்லை.

எனக்குப் பின்னால், டிரெய்லருக்குள்ளிருந்து, என் மனைவியின் குரல் பரிவாகக் கூப்பிட்டது.

"ட்வைட்."

அவன் அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான்.