ரத்துச் செய்யப்படாத சாவி

அறிக்கையின் மூன்றாவது வரியில், ஆள் மூழ்கிய இடத்தின் ஆழம் மாறியிருந்தது. பன்னிரண்டு மீற்றர் என்று நிப்லா எழுதியிருந்தாள். இப்போது பத்தொன்பது. பக்கத்தில் பச்சைக் குறி, ஒரு பெயர்: சிவரூபன்.

வெள்ளிக்கிழமை நண்பகல். துறைமுகத்தில் ஆழம் அளக்கும் அந்தச் சிறிய ஒப்பந்த அலுவலகத்தில் ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனக, ஜன்னல் வழியே உப்பும் டீசலும் கலந்த வாடை வந்து, பதினெட்டு நாளாகத் தூக்கமில்லாத அவளுடைய கண்களில் எரிந்தது.

உடன் வேலை செய்யும் அப்ராஸைக் கைபேசியில் அழைத்தாள்.

“அறிக்கையில நீ கை வெச்சியா?”

“இல்ல ராத்தா. காலையிலயே ஒப்பம் போட்டுட்டன். நீங்களும் போட்டா அலுவல் முடிஞ்சுது.”

“சிவரூபன்ட சாவி?”

“அதை ரத்துச் செய்ய மரணச் சான்றிதழ் கேக்கிறாங்க. உடல் கிடைக்காம அது எடுக்க ஏலாது. கொழும்பு ஹெட் ஒபிஸ் கணக்கில அவர் இன்னும் லீவில தான்.”

அலுவலகத்தின் எந்த ஆவணமும் நிப்லா, அப்ராஸ், சிவரூபன் மூவருக்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். யார் எங்கிருந்து எழுதினாலும், விரல் நீள மின்னணுச் சாவியைக் கணினியில் செருகி இரகசிய எண்ணை அடித்தால்தான் வரி ஏற்கப்பட்டுப் பச்சைக் குறி விழும். சிவரூபன் மூழ்கியது பற்றிய இந்த அறிக்கையும் அப்படித்தான். அவனுடைய சாவி எப்போதும் நீல நாடாவில் கழுத்தில் தொங்கும். பதினெட்டு நாளுக்கு முன் அதோடுதான் கடலில் விழுந்தான்.

ஆழம் அளக்கக் கருவியை நம்பாமல் ஈயக்குண்டுக் கயிற்றை விட்டுப் பார்ப்பவன். கயிறு போதாவிட்டால், பின்னால் சுருளை வைத்திருப்பவருக்குத் தெரிய இரண்டு முறை இழுப்பான். இன்னும் விடு என்று அர்த்தம்.

அவள் ஏழாவது வரிக்குப் போனாள். ‘உயிர்காப்பு அங்கி கொடுக்கப்பட்டது. அவர் அணிய மறுத்தார்.’ அது அவள் எழுதிய பொய். உண்மையை எழுதினால் குற்றம் அவள் மேல், வேலையும் போகும். நேற்றும் அவனுடைய மனைவி குணேஸ்வரி வாசலில் நின்று கேட்டாள்: “அவர் வேண்டாமெண்டவரோ, அக்கா?” நிப்லா ஓம் என்று தலையாட்டினாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி அழிந்தது. ஒவ்வோர் எழுத்தாக.

‘அங்கி கேட்டார். அலுமாரி பூட்டியிருந்தது. இண்டைக்கு ஒருநாள்தானே, போங்க என்று நிப்லா சொன்னாள்.’

பச்சைக் குறி.

படகுத்துறையில் அதைச் சொன்னபோது அவர்கள் இருவர் மட்டுமே நின்றார்கள்.

அழித்தாள். பொய்யைத் திரும்ப அடித்தாள். அழிந்தது. அவனுடைய வரி திரும்ப வந்தது.

குறியின் மேல் சுட்டியின் அம்பை வைத்தாள். ஒப்பமிட்ட கணினி: மேசை மூன்று.

அவளுக்குப் பின்னால் இருந்த, சிவரூபனின் மேசை. அந்தக் கணினியின் மின்கம்பியை அவளே பிடுங்கியிருந்தாள்.

விசைப்பலகையின் ஓசை. மெதுவாக. ஈரமான விரல்கள் ஒட்டி ஒட்டி எழுவதுபோல்.

திரும்பினாள். ஓசை நின்றது.

கதிரையில் யாருமில்லை. திரை இருண்டிருந்தது. ஆனால் சாவி செருகியிருந்தது. அதில் பச்சை வெளிச்சம். அதிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

அதைப் பிடுங்கினால் போதும். பிறகு ஏழாவது வரி அவளுடையது.

எழுந்து போனாள். சாவியைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. வழுக்கியது. பிடுங்கினாள்.

வெளிச்சம் அணையவில்லை.

நீல நாடா அதோடு வந்தது. பாசி படிந்த நாடா. இன்னும் வந்தது. கழுத்தில் போடும் நீளத்தைக் கடந்து வந்தது. அதன் மறுமுனை மேசைக்கு அடியில், இருட்டுக்குள்.

இறுகியது.

பிறகு, கீழிருந்து, இரண்டு முறை இழுத்தது.